பலகையில் ஒரே 'டி', வாயில் இரண்டு இடம்

வடக்கனந்தல் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது இரண்டு விரலைத் தொண்டைமேல் வைத்துக்கொள்ளுங்கள். 'வட' வரை தொண்டை அதிரும். 'க்க' வந்ததும் கண்ணிமைக்கும் நேரம் அதிர்வு நின்றுபோகும். அப்புறம் 'னந்தல்' முடியும்வரை அறுபடாத அதிர்வு. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கம் இருக்கும் இந்த ஊரின் பெயரே ஒலியியலில் ஒரு பாடம்தான்.

குரல்நாண் அதிர்ந்தால் ஒலிப்புடை ஒலி, அதிராவிட்டால் ஒலிப்பிலா ஒலி. இதே ஊரை ஆங்கிலப் பலகையில் பாருங்கள். 'ட'வுக்கும் 'டி', 'ந்த'வில் உள்ள 'த'வுக்கும் 'டி'. இரண்டும் அதிர்கின்றன என்பதை அந்த எழுத்து சொல்லிவிடுகிறது. ஆனால் முன்னதில் நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது, பின்னதில் பல்லடியில் படிகிறது. அது பலகையில் இல்லை. வெளியூர்க்காரர் பெயரைச் சிதைப்பது அங்கேதான்.

தமிழ் எழுத்து நேர்மாறானது. வல்லினத்தில் நாக்கு நிற்கும் இடத்துக்கு ஓர் எழுத்து. அதிர்வை இடம் பார்த்து வாய் முடிவு செய்யும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த எழுத்துகளைப் பிரிப்பதும் நாக்கும் இதழும் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்துத்தான். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது, மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு நடுவிலும் அதிரும் என்ற இந்த ஒழுங்கை, கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விரிவாக எழுதினார். 'நாலு க இல்லாத மொழி' என்று தமிழைக் குறைசொல்வோர் இதைக் கவனிப்பதே இல்லை.

நாக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'வடம்' என்னும்போது அது அண்ணத்தைத் தட்டிவிட்டு உடனே இறங்கிவிடும். 'வட்டம்' என்றால் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே காற்று தேங்கி அழுத்தம் ஏற, தொண்டை அடங்கிவிடும். அடைத்த வாயிலும் அதிர்வு தொடர வேண்டுமானால் காற்றுக்கு இடம் வேண்டும். அதற்காகவே நாவின் அடி சற்று முன்னால் நகர்கிறது, குரல்வளை கொஞ்சம் தாழ்கிறது. ககரத்துக்கு நாக்கு அடைக்கும் இடம் தொண்டையை ஒட்டியிருப்பதால் அங்கே இடம் மிகக் குறைவு. தாய்லாந்து மொழியில் அதிரும் ககரமே கிடையாது. 'பகல்' என்னும்போது நம் நாக்கும் முழுக்க அடைப்பதில்லை, உரசலோடு விட்டுவிடுகிறது.

இந்த ஒழுங்குக்குள் அடங்காதவை கடன்சொற்கள். கோமுகி என்பதில் 'கோ' வடமொழியில் அதிரும் ஒலி. தமிழ் மரபிலோ சொல்முதல் ககரம் அதிராது. எழுத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அணை பார்க்க முதல்முறை வருகிறவர், ஊர்க்காரர் சொல்லக் கேட்டுத்தான் அந்தப் பெயரைப் பழக வேண்டும்.