ஊர் ஊராய்ச் சமைக்கும் இஸ்தான்புல்

துருக்கி உணவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கம்பியில் குத்திச் சுட்ட கபாபும், தேன் ஊறியதுபோல் ஒட்டும் பக்லாவாவும்தான். இந்த இரண்டும் துருக்கியில் உண்டு, நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே ஒரு வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று அறிய ஓட்டல் பலகையைப் பார்ப்பதைவிடச் சந்தையைப் பார்ப்பது மேல்.

இஸ்தான்புல் வருகிற பயணிகள் முதலில் போய் நிற்பது எமினோனுவில் உள்ள மசாலாச் சந்தையில். உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘எகிப்துச் சந்தை’. எகிப்திலிருந்து வந்த வரிப்பணத்தில் 1660களில் கட்டி முடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். கடை வாடகை முழுவதும் பக்கத்திலிருக்கும் யெனி ஜாமி மசூதியின் செலவுக்குப் போனது. இந்திய மிளகும் செங்கடல் வழியாக எகிப்தைத் தொட்டு இந்நகருக்கு வந்து சேர்ந்த காலம் அது.

இன்று உள்ளே நுழைந்தால் கூம்பு கூம்பாகக் குவித்த மசாலாத் தூள்களும் லோக்கும் மிட்டாய்ப் பெட்டிகளும்தான் கண்ணைப் பறிக்கின்றன. ‘துருக்கிக் குங்குமப்பூ’ என்று மலிவு விலையில் நீட்டப்படுவது குங்குமப்பூவே அல்ல, குசும்பப்பூ. ஆப்பிள் டீயும் வெளியூர்க்காரர்களுக்காக வந்த சரக்கு. துருக்கியர் நாள் முழுக்கக் குடிப்பது பால் சேர்க்காத கறுப்புத் தேநீர். கட்டடத்தின் அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கேயே பையை நிரப்பிக்கொண்டு திரும்பினால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

மேற்கு வாசலைத் தாண்டினால் ஹசிர்ஜிலார் தெரு. முனையிலேயே காப்பி மணம் ஆளை நிறுத்திவிடும். 1871 முதல் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் ‘குருகாவெஜி மெஹ்மெத் எஃபெந்தி’ கடை அது. அதற்கு முன் மக்கள் பச்சைக் கொட்டையை வாங்கிப்போய் வீட்டில் வறுத்து இடித்துக்கொண்டார்கள். அந்த வேலையைக் கடையே ஏற்றுக்கொண்டதுதான் வியாபாரத்தின் சூட்சுமம். வாசலில் வரிசை இன்றும் குறையவில்லை.

அந்தத் தெருவில் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்குவது கத்திரிக்காய் வத்தல். காய் விளையும் கோடையிலேயே உள்சதையைக் குடைந்து எடுத்து, தோலை நூலில் கோத்து வெயிலில் காயவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அதை வெந்நீரில் போட்டு எடுத்து, அரிசியும் கொத்துக்கறியும் திணித்து வேகவைத்தால் தோல்மா தயார். பக்கத்திலேயே மிளகாய் வகைகள். உர்ஃபா வட்டாரத்து ‘இசோத்’ மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிக் கட்டி வியர்க்கவிடுவார்கள். அதனால் நிறம் கறுத்து, காரம் அடங்கி, புகை வாடை கலந்த ஒரு ருசி ஏறும். கொக்கியில் தொங்கும் ‘பஸ்திர்மா’ உப்பிட்டு அழுத்திக் காயவைத்த மாட்டிறைச்சி. அதன்மேல் கனமாகப் பூசியிருப்பது வெந்தயம், பூண்டு, மிளகாய் சேர்த்து அரைத்த விழுது. நம் அடுப்படி வெந்தயம் இப்படியும் ஒரு வேலை பார்க்கிறது!

வெளியூர்ச் சரக்கு இஸ்தான்புல்லில் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1950இல் இந்நகரின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. பிழைப்புத் தேடி, துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்து குவிந்தவர்களால் பெருகிய நகரம் இது. வந்தவர்கள் அவரவர் ஊர் நெய்யையும் பாலாடைக்கட்டியையும் விட்டுவிட்டு வரவில்லை. அதனால் பேருந்து பிடித்துப் பேட்டைக்குப் பேட்டை போனால், பாதித் துருக்கியைத் தின்று பார்த்துவிடலாம்.

இதற்குச் சரியான சாட்சி ஃபாத்திஹ் பகுதியில் உள்ள ‘பெண்கள் சந்தை’. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய வேலன்ஸ் நீர்க்கால்வாயின் கல்வளைவுகளை ஒட்டி இருக்கிறது. ஆனால் சந்தையின் வாசனையும் பேச்சும் தென்கிழக்கே சிரியா, ஈராக் எல்லைப் பக்கமிருக்கும் சியிர்த் மாவட்டத்தினுடையவை. கடைகளில் தேன்கூடு அப்படியே அடையாக வைத்திருக்கிறது. வான் ஏரிப் பக்கத்து மலை மூலிகைகளைக் கலந்து ஊறவைத்த பாலாடைக்கட்டி, காட்டுப் பிஸ்தா எண்ணெயில் செய்த சோப்பு, ஆட்டுத் தோலில் அடைத்துப் பதப்படுத்திய ‘துலும்’ பாலாடைக்கட்டி எல்லாம் அடுத்தடுத்த கடைகளில்.

இங்கே வந்தால் சாப்பிட வேண்டியது ‘புர்யான்’. தரையில் ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகத் தோண்டிய அடுப்புக் குழியில் விறகை எரித்துக் கங்காக்குகிறார்கள். ஆட்டை முழுசாகக் கொக்கியில் மாட்டி உள்ளே தொங்கவிட்டு, குழியின் வாயை மூடி, காற்றுப் புகாமல் பூசிவிடுவார்கள். அடியில் தண்ணீர்ப் பாத்திரம். சொட்டும் கொழுப்பு அதில் சேரும். மசாலா என்று எதுவும் கிடையாது, உப்பு மட்டும்தான். சில மணி நேரத்தில் தோல்பக்கம் முறுகி, உள்ளே கறி எலும்பை விட்டுக் கழன்று வருகிறது. எடை போட்டு, வெட்டுக்கத்தியால் துண்டாக்கி, சூடான ரொட்டியின் மேல் பரப்பித் தருவார்கள். சியிர்த்தில் இது காலைச் சாப்பாடு! கூடவே ‘பெர்தே பிலாவி’ கிடைக்கும். கோழி, பாதாம், உலர்திராட்சை சேர்த்த சோற்றை மாவுப் போர்வைக்குள் மூடி, செம்புக் கிண்ணத்தில் சுட்டெடுக்கும் கல்யாணப் பதார்த்தம் அது. குடும்ப ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதன் அடையாளம்தான் அந்த மாவு மூடி என்று விளக்கம் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசிம்பாஷாவில் கூடுவது வேறொரு சந்தை. கருங்கடல் பக்கத்துக் கஸ்தமோனு கிராமத்தார் இரவோடு இரவாக வண்டியேறி வந்து, மக்காச்சோள ரொட்டி, வெண்ணெய், காளான், லேசாகக் கசக்கும் செஸ்ட்நட் தேன் எல்லாவற்றையும் கடைபரப்புகிறார்கள். போவதானால் விடிந்ததும் போக வேண்டும்.

படகேறி ஆசியக் கரையில் உள்ள கடிகோய் போனால் மீன்கடைகள். சிவப்பு வட்டத் தட்டுகளில் அடுக்கிய மீனின் செவுளை வெளியே புரட்டி, ரத்தச் சிவப்பாய்த் தெரியும்படி வைத்திருப்பார்கள். புதுமீன் என்பதற்கு அதுவே அத்தாட்சி. வாங்குபவர் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் நெத்திலி இனத்து ‘ஹம்சி’ கொட்டிக் கிடக்கும். ஆனால் நகரத்தின் செல்லப்பிள்ளை ‘லுஃபெர்’. இலையுதிர் காலத்தில் கருங்கடலிலிருந்து பாஸ்பரஸ் நீரிணை வழியே இறங்கி வரும் மீன். குஞ்சாக இருக்கும்போது ‘சினெகோப்’, பெருத்தால் ‘கொஃபானா’ என்று அளவுக்கு அளவு பெயர் மாறும். முட்டையிடும் முன்பே குஞ்சுகளைப் பிடித்து விற்றதால் மீன் அருகியது. உணவு ஆர்வலர்கள் சேர்ந்து குரல் கொடுத்தபிறகு, 2011இல் அரசு பிடிக்கலாகும் குறைந்தபட்ச நீளத்தை 20 சென்டிமீட்டராக்கியது.

அதே கடைத்தெருவில் முசா தாதெவிரென் 1987இல் தொடங்கிய ‘ச்சியா’ உணவகம். முசா, காஸியன்தெப் பக்கத்து நிஸிப் ஊர்க்காரர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் கைப்பக்குவம் கேட்டு, மறைந்துகொண்டிருந்த பதார்த்தங்களைத் தன் அடுப்பில் ஏற்றியவர். பருவத்துக்குத் தக்கபடி அங்கே பண்டங்கள் மாறும். இனிப்பில் பூசணியைக் கேட்டு வாங்கலாம். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாகில் போடுவதால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு.

இவ்வளவும் பார்க்க நேரமில்லாதவருக்கு ஏதாவதொரு பேட்டையின் வாரச் சந்தை போதும். வசந்த காலமானால் ஆர்டிசோக் காயை வியாபாரி நின்ற நிலையில் முள்ளும் இதழும் சீவி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுத் தருவார். வீட்டில் அதை ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து, கேரட்டும் பட்டாணியும் நிரப்பி, சோயிக்கீரை தூவுவார்கள். ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள், சூடாகக் கேட்கிறவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.