யட்சன் தந்த வரமும் பீஜா திருப்பிக் கொடுத்த வரமும்

'சிகண்டி' நம்ம பக்கம் ஒரு வசைச்சொல். திருவள்ளூர் மாவட்டத்தில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கும் சிகண்டி என்றால் பீஷ்மருக்கு முன்னால் போய் நின்ற ஆள், அவ்வளவுதான். ஆனால் வியாச பாரதத்தில், உத்தியோக பர்வத்தில், பீஷ்மரே துரியோதனனுக்கு அந்த ஆளின் முன்கதையைச் சொல்கிறார். அது அச்சு அசலாக ஒரு மாயாஜாலக் கதை.

துருபதனுக்குப் பிறந்தது பெண். ஊருக்கு ஆண் என்று சொல்லி வளர்க்கிறார்கள். தசார்ண தேசத்து இளவரசியைக் கல்யாணமும் செய்து வைக்கிறார்கள். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவள் அப்பா படையோடு கிளம்புகிறான். சாகத் துணிந்து காட்டுக்குப் போன சிகண்டினிக்கு ஸ்தூணன் என்ற யட்சன் தன் ஆண் உருவைக் கடனாகக் கொடுக்கிறான். மாமனார் ஆள் அனுப்பிச் சோதித்துப் பார்த்து சமாதானமாகிறான். பிரச்சினை தீர்ந்தது.

இதே கதை ரோமிலும் உண்டு. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ஓவிட் எழுதியதில், ஆணாக வளர்க்கப்பட்ட இஃபிஸ் இயாந்தேயைக் காதலிக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐசிஸ் தெய்வம் இஃபிஸை ஆணாக்குகிறது. நாட்டார் கதைகளை எண் போட்டு வகைப்படுத்தும் ஆய்வாளர்கள் இந்த வகைக்கு 514 என்று எண் கொடுத்து, 'பால் மாற்றம்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். திருநம்பிகள் இதைத் தங்கள் கதையாக வாசிக்கலாம், அதற்கு முழு நியாயமும் உண்டு. ஆனால் இரண்டு பெண்கள் பெண்களாகவே சேர்ந்து வாழ நினைத்தால்? அதற்கு இந்தக் கதைகளில் வழியில்லை. ஒருத்தி மாறியே ஆக வேண்டும்.

இந்த முடிச்சைத்தான் ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா (1926–2013) அவிழ்த்தார். போருந்தா கிராமத்தில் உட்கார்ந்து, கேட்ட நாட்டார் கதைகளைத் தன் கைவண்ணத்தில் திருப்பி எழுதி, 'பாதாம் ரீ புல்வாரி' என்று 14 தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். ஷாருக்கான் நடித்த 'பஹேலி' (2005) படம்கூட அவர் கதைதான்.

அவருடைய 'தோஹ்ரி ஜூன்', அதாவது இரட்டை வாழ்க்கை, கிட்டத்தட்ட சிகண்டி மாதிரியே ஆரம்பிக்கும். இரண்டு வணிகர்கள் சம்பந்தம் பேசி வைக்கிறார்கள், இருவருக்கும் பெண்ணே பிறக்கிறது. ஒருவன் வரதட்சணை ஆசையில் மகள் பீஜாவை ஆணாக வளர்க்கிறான். கல்யாண ராத்திரியில் தீஜாவுக்கு உண்மை தெரிகிறது. ஆனால் இவள் அப்பாவிடம் ஓடவில்லை, பீஜாவோடு இருந்துவிடுகிறாள். ஊர் எதிர்க்கிறது. ஒரு பாழுங்கிணற்றுப் பேய்கள் இருவருக்கும் அடைக்கலம் தருகின்றன.

பிறகு அந்த வரமும் வருகிறது. பீஜா கேட்க, பேய்த் தலைவன் அவளை ஆணாக்குகிறான். 514ஆம் வகைக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தேத்தா முடிக்கவில்லை. ஆணுடல் வந்ததும் பீஜாவுக்குப் புருஷன் என்ற அதிகாரமும் வந்துவிடுகிறது, தீஜாவை அடக்கப் பார்க்கிறாள். கடைசியில் வரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி பெண்ணாகித் தீஜாவோடு வாழ்கிறாள்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம சட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. பெரிய வெற்றி. 2023இல் உச்ச நீதிமன்றம், திருநரில் ஆண்–பெண் இணையாக இருப்பவர்கள் இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்றது. இரண்டு பெண்கள் மணப்பதற்கு உரிமையில்லை என்று அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது. அதாவது சட்டம் இன்னும் ஸ்தூணன் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறது: ஜோடியில் ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் சரி.

பேய்கள் பக்கமும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. 2025 மே மாதம், வீட்டார் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் விருப்பப்படி தோழியோடு அனுப்பிய சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றே வழியல்ல, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்றது. தீஜாவும் பீஜாவும் அந்தப் பாழுங்கிணற்றில் கண்டுகொண்டது அதைத்தான்.