தாத்தா கட்டிய விமானம்

சென்ற தீபாவளிக்கு உறவினர் ஒருவர் என் மகனுக்கு ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ‘நாட்’ ஜெட் விமான கிட் வாங்கி வந்தார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. நான்கு நாள் உட்கார்ந்து ஒட்டி, சிவப்பு வண்ணம் பூசி, பெருமையோடு தாத்தாவிடம் நீட்டினான். என் மாமனார் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பது. விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா பண்ணியிருக்கேடா கண்ணா. ஆனா இது நாங்க கட்டினது இல்லே. இதுல ரெண்டு சீட் இருக்கே!” என்றார். பையன் முகம் வாடிவிட்டது.

அவர் சொன்னது சரிதான். பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்த நாட் 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை. உடலையும் இறக்கையையும் பெரிதாக்கி, இரண்டு இருக்கை வைத்துப் பயிற்சிக்கு மட்டும் எடுத்துக்கொண்டது. கடைகளில் சிவப்பு வண்ணத்தில் கிடைப்பது, ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு 1979 வரை ஓட்டிய அந்தப் பயிற்சி விமானமே.

ஒற்றை இருக்கைப் போர் விமானத்தைப் பெருமளவில் நம்பி வாங்கியது இந்தியாதான். உரிமம் பெற்று எச்.ஏ.எல். அதைப் பெங்களூரிலேயே கட்டியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளத்தின் மீது குண்டு விழும்போதே நாட் விமானத்தில் எழும்பி, ஆறு சேபர் விமானங்களை எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்தார் நிர்மல்ஜித் சிங் சேகோன். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் ஒற்றை இருக்கை நாட் கிட் வெளியிட்டிருக்கிறது என்று அறிந்து, தேடிப்பிடித்து வரவழைத்தோம். கட்டி முடித்தால் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். அசல் விமானத்துக்கே இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர் கிடையாது!

இம்முறை தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாகங்களைப் பிய்க்காமல் நகவெட்டியால் நறுக்க வேண்டும். பசை ஒரு துளி போதும். வண்ணத்தை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். காவி, வெள்ளை, பச்சை வட்டச் சின்னத்தைத் தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டியபோது தாத்தாவின் கை நடுங்கியது, பேரன் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் வேலையைப் பற்றி வாய் திறக்காத மனிதர், அன்று இரவு பதினோரு மணி வரை பேசினார். மறுநாள் பள்ளிக்கு அந்த விமானத்தை எடுத்துச் சென்ற என் மகன், “எங்க தாத்தா கட்டினது” என்றுதான் சொன்னானாம்.

உங்கள் வீட்டிலும் பேசாத தாத்தா ஒருவர் இருக்கக்கூடும். பெட்டியை வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.