கன்டெய்னர் எண்ணைப் படிக்கும் கலை

எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து வரிசையில் நிற்கும் ட்ரெய்லர்களின் மேல் உள்ள கன்டெய்னர் பெட்டிகளின் பின்கதவைக் கவனியுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாகச் சின்னக் கட்டத்துக்குள் தனியே ஓர் இலக்கம். உதாரணத்துக்கு, சிஎஸ்க்யூயூ 305438, கட்டத்தில் 3. முதல் மூன்று எழுத்து பெட்டியின் உரிமையாளரைச் சொல்லும். ஆறு இலக்கம் வரிசை எண்.

அந்த ஆறு இலக்கத்தை ஒரு சி மொழி நிரல் உள்ளீடாக வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் முதலில் சொல்லித்தரும் உள்ளீட்டுச் செயற்கூறு 'ஸ்கேன்எஃப்', இலக்கத்துக்குப் பதில் எழுத்து வந்தால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் எதிரே நிற்கும், லூப் முடியவே முடியாது. எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றும் 'ஏ-டு-ஐ' இன்னும் மோசம். 5-ஐ யாரோ 'எஸ்' என்று படித்து 30எஸ்438 என்று அடித்துவிட்டால், சத்தமே இல்லாமல் 30 என்று கொடுக்கும். வெறும் எழுத்தாகக் கொடுத்தால் 0. அது நிஜமான 0-வா, பிழையா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அதே வேலையைச் செய்யும் 'ஸ்டர்-டு-எல்', தான் எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஓர் இலக்கமாவது படித்ததா, நின்ற இடத்தில் உள்ளீடு முடிந்துவிட்டதா, எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடலாம். ஆனால் அடிமானம் 10 என்று எழுதாமல் 0 என்று விட்டால், 001238-ஐ எட்டின் அடிமானத்தில் படித்து, 8-இல் நின்று, 83 என்று தரும். அடிமானத்தைச் சரியாகக் கொடுத்தாலும் முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடும். முன்னால் கழித்தல் குறி இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும். என்னைக் கேட்டால், பெட்டி எண்ணை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் இலக்கம்தானா என்று பார்ப்பதே மேல். அதை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் போடப்போவதில்லை.

இத்தனையும் தாண்டி, 305438 என்பது 304538 என்று இடம் மாறி வந்தால்? அதுவும் குறையில்லாத முழு எண்தான். மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம் பிடிக்கும். ஐஎஸ்ஓ 6346 விதிப்படி எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு; 11, 22, 33 மட்டும் கிடையாது. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினால் நம் பெட்டிக்கு 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. இடம் மாறிய எண்ணுக்கோ 6249, மீதி 1.

மீதி 10 வந்தால் கட்டத்தில் 0 என்றே எழுதுவார்கள். இரண்டு மீதிக்கு ஒரே இலக்கம் என்பதால் சில பிழைகள் அந்த வழியாகத் தப்பிவிடும். அதனால்தான் மீதி 10 தரும் வரிசை எண்களைத் தவிர்க்கும்படி அந்த விதியே சொல்கிறது.