படகை விட்டு இறங்காதவர்கள்

என் மகள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோயிங் குழுவில் இருக்கிறாள் என்று சொன்னதும், பாளையங்கோட்டை அத்தையிலிருந்து எதிர்வீட்டு மாமி வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஐயோ, பிள்ளைக்குக் கை வலிக்காதா?" அவள் துடுப்பைத் தொடுவதே இல்லை. எட்டுப் பெண்கள் துடுப்பு வலிக்க, படகின் பின்முனையில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டுப் பேரையும் அதட்டுவதுதான் அவள் வேலை. காக்ஸ் என்பார்கள். ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம்; எங்கள் குடும்பத்து உடம்புவாகுக்கு இந்த விளையாட்டில் வேறு இடமும் கிடையாது. துடுப்பு போடுகிறவர்கள் எல்லோரும் ஆறடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

சியாட்டில் நகரில், வாஷிங்டன் ஏரியின் கரையில், கோனிபேர் ஷெல்ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. படகுக் கொட்டகை, பயிற்சி அறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அங்கேதான். பெயருக்குரிய ஹைரம் கோனிபேர் ரோயிங் தெரிந்து வந்தவரில்லை. விளையாட்டு வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளராக வந்தவரை 1907-இல் படகுக் குழுவுக்குக் கோச்சாக்கிவிட்டார்கள். எலும்புக்கூடு ஒன்றை இரவல் வாங்கி, அதன் கையில் துடைப்பக்கட்டையைக் கொடுத்து, எந்த மூட்டு எப்படி மடங்குகிறது என்று பார்த்துத் துடுப்பு முறையை வகுத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. 1917-இல் வீட்டுத் தோட்டத்து மரத்தில் பழம் பறிக்க ஏறி விழுந்து செத்துப்போனார். மனிதர் போன பிறகும் அவர் ஆரம்பித்ததை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சீசன் என்றால் நாம் நினைப்பதுபோல இரண்டு மாதக் கூத்து இல்லை. செப்டம்பர் கடைசியில் வகுப்பு ஆரம்பிக்கும்போதே தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள், முடிவது ஜூனில். புதிதாக வரும் மாணவர்களில் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளையாகத் தென்பட்டால் கூப்பிட்டு, "துடுப்பு போட்டுப் பார்க்கிறாயா?" என்று கேட்கும் பழக்கம் இந்தப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக உண்டு. முன்னனுபவம் தேவையில்லை. அப்படி ஒன்றுமே தெரியாமல் சேர்ந்து, பிறகு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் நீண்ட தூரப் போட்டிகள். அக்டோபரில் பாஸ்டனில் நடக்கும் ஹெட் ஆஃப் த சார்ல்ஸ் அவற்றில் பெரியது, 1965-இலிருந்து நடக்கிறது. ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் ஆறு, குறுக்கே பாலங்கள். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள். பாலத்தின் வளைவுக்குள் படகைக் கோணாமல் செலுத்துவது காக்ஸின் பொறுப்பு. தூணில் துடுப்பு இடித்தால் ஒன்பது பேருடைய உழைப்பும் போச்சு.

பனிக்காலம் வந்தால் எர்க். எர்கோமீட்டர் என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். தண்டவாளத்தில் வழுக்கும் இருக்கை, முன்னால் காற்றை அறுக்கும் சக்கரம், சக்கரத்தோடு சங்கிலியால் பிணைத்த கைப்பிடி. 2000 மீட்டர் சோதனை அன்றைக்கு அந்த அறைக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். கடைசி 500 மீட்டரில் பிள்ளைகள் முகத்தில் ரத்தமே இருக்காது. முடித்ததும் அப்படியே தரையில் சரிகிறார்கள். பக்கத்தில் வாளி வைத்திருக்கிறார்கள், எதற்கென்று நானும் சொல்லவில்லை. என் மகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதற்குப் பதில், ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று, யாருக்கு எந்த நேரத்தில் எதைச் சொன்னால் இன்னும் பத்து இழுப்பு வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்திக்கு எண் சொன்னால் போதும், ஒருத்தியைத் திட்டினால்தான் வேலை நடக்கும், இன்னொருத்தியைத் திட்டினால் கெட்டது.

ஒரு நாள் விடியுமுன் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டபோது நின்று பார்த்தேன். கொட்டகையில் படகுகள் அடுக்கடுக்காகத் தாங்கிகளில் கிடக்கின்றன. எட்டுப் பேர் உட்காரும் ஷெல் அறுபது அடி நீளம், அகலமோ இரண்டடி சொச்சம். எடை நூறு கிலோ அளவில். விரல் நகம் அழுத்தினால் பள்ளம் விழும்போல மெல்லிய உடம்பு. "ஹேண்ட்ஸ் ஆன்" என்றாள். எட்டு ஜோடிக் கைகள் விளிம்பைப் பிடித்தன. அடுத்த சொல்லுக்குப் படகு தாங்கியிலிருந்து நகர்ந்தது; அடுத்ததற்குத் தலைக்கு மேலே போனது. தனக்கு ஒரு சாண் மேலே நிற்கும் பெண்கள் எட்டுப் பேரை அந்தக் குரல் இருட்டில் நடத்திக்கொண்டு போய், மேடையின் ஓரத்தில் திருப்பி, சத்தமில்லாமல் தண்ணீரில் வைத்தது. வீட்டில் "சாப்பிட வாட்டி" என்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் "ம்" என்பாள். அந்தப் பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை பாட்டுக்கும் பார்க்க ஆள் வருகிறதா என்றால், பெரும்பாலான நாட்களில் இல்லை. பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் என்றால் எழுபதாயிரம் பேர் கொள்ளும் மைதானம் நிரம்பும். அது படகுக் கொட்டகைக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. ரோயிங்குக்கு டிக்கெட் கிடையாது, டிவி ஒப்பந்தம் கிடையாது. போட்டி இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கும். கரையில் எங்கே நின்றாலும் நமக்குக் கிடைப்பது அரை நிமிடக் காட்சி. அப்புறம் யார்தான் வருகிறார்கள்? பெற்றோர் வருகிறோம். மற்றவர்கள் எல்லாம் என்றைக்கோ இதே ஏரியில் துடுப்பு போட்டவர்கள்.

முதல் வசந்தத்தில் கரையில் என் பக்கத்தில் நின்றவர் எழுபதைத் தாண்டியவர், ஊதா நிறத் தொப்பி. பெயர் சொல்லவில்லை. எந்த வருஷம், எந்த இருக்கை என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார், ஐந்தாம் இருக்கையாம். படகின் நடுவில் உட்காரும் பலசாலிகளின் இடம் அது. அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "எங்கள் கல்யாண நாள் மறந்துபோகும், அவர் படகில் மூன்றாம் இருக்கையில் இருந்தது யார் என்பது மறக்காது" என்றார். நான் காக்ஸின் அம்மா என்றதும் மனிதர் தொப்பியைக் கழற்றி வணங்காத குறை.

இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது என்று அறிய சாப்பாட்டுக்கூடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையிலிருந்து ஒரு மரப்படகு தொங்குகிறது. ஹஸ்கி கிளிப்பர் என்று பெயர். ஜார்ஜ் போகாக் என்ற தச்சர் தேவதாரு வகைப் பலகையில் செய்தது. அவர் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளிக்குப் படகு செய்த குடும்பம்; கனடாவுக்குப் பிழைக்க வந்த அவரையும் அவர் அண்ணனையும் சியாட்டிலுக்கு இழுத்து வந்தவர் கோனிபேர்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் கடற்படை விமானங்களுக்காகக் கட்டிய கொட்டகை ஒன்று பின்னால் பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகையாயிற்று. அதன் மாடியில் போகாக்கின் பட்டறை இருந்தது.

1936-இல் அந்தப் படகில் ஏறியவர்கள் மரம் வெட்டுகிறவர், விவசாயி போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள்; பொருளாதார மந்தத்தில் படிப்புச் செலவுக்கே திண்டாடியவர்கள். ஜோ ரான்ட்ஸ் என்பவரைச் சிறு வயதிலேயே குடும்பம் தனியே விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒலிம்பிக் தேர்வில் ஜெயித்தார்கள். ஜெயித்த உடனே ஒலிம்பிக் கமிட்டி, பெர்லின் போக 5000 டாலர் நீங்களே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பென்சில்வேனியா குழு தன் செலவில் போகும் என்றது. செய்தி சியாட்டிலுக்கு வந்ததும் பத்திரிகைகள் கேட்டு எழுதின, முன்னாள் மாணவர்கள் திரட்டினார்கள், பேப்பர் போடும் பையன்கள் பேட்ஜ் விற்றார்கள். ஓரிரு நாளில் பணம் சேர்ந்துவிட்டது.

பெர்லினில் அவர்களுக்குக் கிடைத்தது காற்று அடிக்கும் ஓரத் தடம். எல்லோருக்கும் தாளம் வைக்கும் துடுப்புக்காரர் டான் ஹ்யூமுக்கு உடம்பு சரியில்லை. ஹிட்லர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிடந்த படகை முன்னுக்குக் கொண்டுவந்த காக்ஸ் பாப் மோக். அவர் அப்பா வழி யூதக் குடும்பம் என்பது பெர்லின் புறப்படுவதற்கு முன்தான் அப்பாவின் கடிதத்தில் அவருக்குத் தெரிந்தது. 6 நிமிடம் 25.4 வினாடியில் தங்கம். இத்தாலி 0.6 வினாடி பின்னால், ஜெர்மனி அதற்கும் பின்னால். அதன் பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் ஒன்றாகக் கூடிப் படகேறினார்கள். 1986-இல், ஐம்பதாவது வருஷத்தில், முதியவர்களாகவும். இந்தக் கதையை டேனியல் ஜேம்ஸ் பிரௌன் 2013-இல் புத்தகமாக எழுதினார், 2023-இல் ஜார்ஜ் க்ளூனி சினிமாவாக எடுத்தார். பிள்ளைகள் அந்தப் படகுக்குக் கீழே உட்கார்ந்து ஓட்ஸ் சாப்பிடுகிறார்கள்.

சென்டிமென்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். பந்தயத்துக்கான புது எய்ட், அதாவது எட்டுப் பேர் துடுப்பு போடும் படகு ஒன்று ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் போகும். ஒரு குழுவுக்கு ஒன்று போதாது. துடுப்பு, பயணம், கோச்சின் விசைப்படகு என்று பட்டியல் நீளும். ஆகவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதுப் படகுக்குப் பழைய கோச்சின் பெயரோ பணம் கொடுத்தவரின் பெயரோ சூட்டி இறக்குவது வழக்கம். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முன்னாள் மாணவர்கள் பணம் தவிர நேரமும் தருகிறார்கள். பெண்கள் குழுவுக்கு இன்னொரு பலம் உண்டு: 1972-இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் விளையாட்டு வாய்ப்புத் தரச் சொல்கிறது, பெரிய ஃபுட்பால் குழுவுக்கு ஈடுகட்ட ஆள் எண்ணிக்கை அதிகம் உள்ள பெண்கள் ரோயிங் பல்கலைக்கழகங்களுக்குக் கைகொடுத்தது. ஆண்கள் ரோயிங்குக்கு அந்தக் கவசம் இல்லை.

கவசம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்டான்ஃபோர்டு காட்டியது. 2020 ஜூலையில், காசு போதவில்லை என்று 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆண்கள் ரோயிங், எடை குறைந்த பெண்களின் ரோயிங் இரண்டும் அதில் இருந்தன. முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடினார்கள், பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள், வீரர்கள் வழக்குக்கும் போனார்கள். 2021 மே மாதம் நிர்வாகம் முடிவை வாபஸ் வாங்கியது.  இந்த விளையாட்டுக்காகச் சண்டை போட முன்னாள் மாணவர்களை விட்டால் வேறு நாதியில்லை.

அந்தப் பயம் இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்திருக்கிறது. 2025-இல் முடிவான நீதிமன்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வருமானத்தில் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பெரும்பகுதி ஃபுட்பாலுக்குத்தான் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற விளையாட்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஊதாத் தொப்பிக்காரர்களிடமிருந்துதான் என்று எனக்குப் படுகிறது. இது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். பணக்கார முன்னாள் மாணவர்கள் இல்லாத சின்னக் கல்லூரியின் படகுக் குழுவுக்கு யார் இருக்கிறார்கள்?

வசந்தம் வந்துவிட்டால் வேகம். மார்ச் கடைசிவாக்கில் கிளாஸ் டே: முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நான்காமாண்டு மாணவர்கள் வகுப்பு வகுப்பாகத் தங்களுக்குள் மோதுவது. பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பெருசுகள் இதற்குத்தான் தவறாமல் வருகிறார்கள்; தங்கள் வகுப்பு ஜெயித்த வருஷம் அவர்களுக்கு மனப்பாடம். ஏப்ரலில் கலிஃபோர்னியா பெர்க்லியோடு மோதல், 1903-இல் தொடங்கிய பகை. தோற்றவர்கள் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி ஜெயித்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஜெயித்த படகின் காக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடுவார்கள். ஏப்ரல் மாத சியாட்டில் தண்ணீர். தைலம் தேய்த்துவிடுவது யார் வேலை என்று கேட்காதீர்கள்.

மே முதல் சனிக்கிழமை மட்டும் கூட்டம் உண்டு. வாஷிங்டன் ஏரியையும் யூனியன் ஏரியையும் இணைக்கும் மான்ட்லேக் கட் என்ற கால்வாயின் இரு கரையிலும் ஆயிரக்கணக்கில் ஜனம். அன்றைக்கு வின்டர்மியர் கோப்பைப் போட்டி; 1987-இல் முதல்முறை நடந்தபோது எதிர்த்து வந்தது சோவியத் குழு. சிமென்ட் சுவர்களுக்கு நடுவே படகு வரும்போது அந்த ஆரவாரம் தண்ணீரில் மோதித் திரும்புகிறது. காக்ஸுக்கு மைக் இருந்தும் தன் குரல் தனக்கே கேட்காதாம்.

அதன் பிறகு தேசியப் போட்டிகள். ஆண்கள் 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார்கள். பெண்கள் 2017-இலும் 2019-இலும் தங்கள் தேசியப் போட்டியின் மூன்று பந்தயங்களையும் சேர்த்தே அள்ளினார்கள். மகள் போன வருஷத்துப் போட்டியைப் பற்றிப் பேசமாட்டாள், நானும் கேட்பதில்லை.

இந்த ஜூனில் அவளுக்குப் பட்டம். ஆகஸ்டில் போர்ட்லாந்தில் வேலை. பட்டம் கையில் வருவதற்குள் முன்னாள் மாணவர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. ஹெட் ஆஃப் த சார்ல்ஸில் முன்னாள் மாணவிகளுக்கென்று தனி எய்ட் பந்தயம் உண்டு; அக்டோபருக்கு ஒரு காக்ஸ் தேவை என்று அழைப்பும் வந்தாயிற்று. விமான டிக்கெட் செலவு அவளுடையது.

"வேலைல சேந்து ரெண்டு மாசத்துல லீவு கேட்டா மேனேஜர் என்னட்டி நெனைப்பாரு?" என்றேன்.

"அவர் காலேஜ்ல ஆறாம் சீட்மா. அவரும் பாஸ்டன் வர்றார்."