மணமில்லா வாயுவை முகரும் கருவி

மயிலாப்பூரில் ஒரு வீட்டுச் சமையலறையில் எரிவாயு கசிந்தால், நம் மூக்கே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அந்த நாற்றம் வாயுவின் சொந்த நாற்றமன்று. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எதைல் மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள்.

கடலடியிலிருந்து எடுக்கப்படும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் பிஒய்-1 என்ற எரிவாயு வயல் இருக்கிறது. இத்தகைய கடல் மேடைகளில் கசிவை எப்படி அறிவது?

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். எனவே, 5 சதவீதத்தை எட்டுவதற்கு வெகு முன்பே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்.

இதற்கான ஒரு கருவியில் இரண்டு சிறு மணிகள் உண்டு. இரண்டினுள்ளும் பிளாட்டினக் கம்பிச் சுருள் இருக்கும். ஒரு மணியில் மட்டும் வினையூக்கி பூசியிருப்பார்கள். வாயு பட்டதும் அந்த மணியின்மேல் அது எரியும், கம்பி சூடேறும், மின்தடை கூடும். நீங்கள் பாடத்தில் படிக்கும் வீட்ஸ்டன் சுற்றின் சமநிலை குலையும். உடனே மணி ஒலிக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சிலிக்கோன் ஆவி பட்டால் வினையூக்கி செயலிழந்துவிடும். பிறகு வாயு வந்தாலும் முள் சுழியத்திலேயே நிற்கும். பார்ப்பவர், எல்லாம் நலம் என்றே எண்ணுவார்!

அகச்சிவப்புக் கருவியில் இக்குறை இல்லை. மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை உட்கவரும். வரும் கதிர் எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. விளக்கே அணைந்துபோனால் கதிர் அறவே வராது. பழுது உடனே தெரிந்துவிடும்.

கருவி கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில், வெடிப்புக்குச் சற்று முன் வாயு எச்சரிக்கைகள் ஒலிக்கத்தான் செய்தன. என்னவென்று பார்ப்பதற்குள் மேடை வெடித்தது. கடலில் மூழ்கி வேலை செய்வோரை நீரோடு இழுத்துவிடக் கூடாதென்று, தீயணைப்புப் பம்புகள் தாமாக இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தன. அன்று 167 பேர் மாண்டனர்.

ஆகவேதான் இன்றைய மேடைகளில் கருவிகளை வால்வுகளோடு இணைக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் ஒத்துச் சொன்னால் குழாய்கள் தாமாக மூடிக்கொள்ளும். அத்துடன், அளவு தெரிந்த வாயுவைக் குப்பியிலிருந்து கருவியின்மேல் செலுத்தி, அது விழித்திருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கிறார்கள். மௌனமாயிருக்கும் கருவியை நம்புமுன் அதைப் பேசவைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.