டக்குனு ஒரு சத்தம், அப்புறம் அமைதி: ரிசீவர் ஏன் தானா ஆஃப் ஆகுது?

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, அப்பாவோட பழைய ஸ்டீரியோ ரிசீவர். மெதுவா வச்சா ரெண்டு மணி நேரம்கூடப் பாடுது. வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினா டக்குனு ஒரு சத்தம், எல்லாம் ஆஃப். கடையில போர்டு போச்சு, 6,000 ரூபாய் ஆகும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீங்க தம்பி.

அந்த 'டக்' இருக்கே, அது ரிலே. ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரோட சேர்த்துவிடுற சுவிட்ச். உள்ளே ஒரு பாதுகாப்பு சர்க்யூட் வாட்ச்மேன் மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கும். கரண்ட் அளவுக்கு மேல போனாலோ, சூடு ஏறினாலோ, ஸ்பீக்கர் லைன்ல டிசி வந்தாலோ ரிலேயைத் துண்டிச்சிடும். அதனால ஆஃப் ஆகுதுன்னா வாட்ச்மேன் வேலை செய்யறார்னு அர்த்தம். அவர் யாரைப் பார்த்து கேட்டைச் சாத்தினார்னுதான் நாம கண்டுபிடிக்கணும்.

முதல் டெஸ்டுக்குச் செலவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிட்டு ஸ்பீக்கர் வயர் எல்லாத்தையும் கழட்டுங்க. திரும்ப ஆன் பண்ணுங்க. ஆஃப் ஆகாம நின்னா, சந்தேகம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான்.

வெளியேன்னா முதல்ல வயர். பின்பக்கம் சிவப்புலேர்ந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்புக் கம்பி கறுப்பைத் தொட்டாலே ஷார்ட்தான். கட்டில் கால்ல நசுங்கின இடம், எலி கடிச்ச இடம் எல்லாம் பாருங்க. நானே ஒரு தடவை ரிசீவரை ஆட்டோவுல தூக்கிட்டுப் போயிருக்கேன். குற்றவாளி வீட்டுலேயே, பீரோவுக்குப் பின்னாடி இருந்தது!

அடுத்து, கழட்டின ஸ்பீக்கர்ல மல்டிமீட்டரை ஓம்ல வச்சு அளங்க. 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7னு காட்டும், அது சரிதான். பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டினா காயில் ஷார்ட். 3 சொச்சம் வந்தா அது 4 ஓம் ஸ்பீக்கர்.

இந்த ஓம் கணக்குலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. ஆம்ப் 20 வோல்ட் கொடுக்குதுன்னு வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம்னா அதே வோல்ட்டுக்கு 5 ஆம்பியர். இப்போ முன்பக்கம் 'ஸ்பீக்கர் ஏ', 'ஸ்பீக்கர் பி' பட்டன் ரெண்டையும் அமுக்கறீங்க. பல ரிசீவர்ல இது பேரலல் இணைப்பு. ரெண்டு 8 ஓம் சேர்ந்தா 4 ஓம் ஆயிடும். ஹால்ல 8, பெட்ரூம்ல 4 ஓம் இருந்தா மொத்தம் 2.7 ஓம்தான். மெதுவா வச்சா கரண்ட் கம்மி, அதனால தாங்குது. ஏத்தினா 'டக்'. ரிசீவரோட பின்பக்கம் ஏ மட்டும்னா எத்தனை ஓம், ஏ, பி சேர்ந்தா எத்தனை ஓம்னு அச்சடிச்சிருப்பாங்க. நம்ம ஆளுங்க அதை மட்டும் படிக்கவே மாட்டோம்.

அரை மணி நேரம் பாடிட்டு அப்புறம் ஆஃப் ஆகுதுன்னா, சூடா இருக்கலாம். மேல உட்கார்ந்திருக்கிற செட்டாப் பாக்ஸை இறக்கி வைங்க.

ஸ்பீக்கரே இல்லாமலும் ஆஃப் ஆகுதா? அப்போ நிறுத்திடுங்க. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். மூடியைத் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். மெக்கானிக்கிட்ட கொடுங்க. நல்ல மெக்கானிக்னா முதல்ல ஒரு குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுத்தான் ஆன் பண்ணுவார். பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட்.

இன்னொண்ணு. "புரொடெக்ஷனை பைபாஸ் பண்ணிடலாம் சார், 200 ரூபாய்தான்"னு யாராவது சொன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுங்க. டிரான்சிஸ்டர் போன ஆம்ப்லேர்ந்து 40 வோல்ட் டிசி நேரா 6 ஓம் காயிலுக்குப் போனா, 260 வாட்டுக்கு மேல வெறும் சூடு. சத்தமே வராது. கொஞ்ச நேரத்துல புகைதான் வரும்.

தம்பி அப்புறம் போட்டோ அனுப்பினார். ஏ, பி ரெண்டு பட்டனும் உள்ளே. பெட்ரூம் ஸ்பீக்கர் பின்னாடி 4 ஓம்னு போட்டிருக்கு. பி-யை ஆஃப் பண்ணச் சொன்னேன். நேத்து ராத்திரி ஹால்ல முழுசா ஒரு ஆல்பம் ஓடியிருக்கு, 'டக்' வரல. பெட்ரூமுக்குத் தனியா ஒரு சின்ன ஆம்ப் தேடிக்கிட்டு இருக்காராம்.